ஏரிக்கரையில் தேர்தல் தொண்டு

பழவேற்காட்டு ஏரியைச் சூழ்ந்த மீனவர் ஊர்களில் இரண்டு பட்டியல்கள் வழங்குகின்றன. ஒன்று, ஏரியில் இன்ன நாளில் இன்னார் வலை கட்டலாம் என்று ஊரார் வைத்திருக்கும் பாட்டுப் பட்டியல். மற்றொன்று, தேர்தல் ஆணையம் அச்சிட்டு வெளியிடும் வாக்காளர் பட்டியல். முன்னதிற் பெயருடையார் சிலர். பின்னதிற் பெயருடையார் பலர். தேர்தற் காலத்தில் ஒரு வேட்பாளருக்காகத் தொண்டு செய்யப் புறப்படும் மாணாக்கர் இவ்விரு பட்டியல்களுக்கும் உள்ள வேறுபாட்டை உணராராயின், ஒரு திங்கள் முழுதும் அலைந்தும் அவ்வூர்களிற் பாதியைக் கண்டவராகார். அவ்வேறுபாட்டையும், அதனாற் றொண்டர்க்கு நேரும் கடமையையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். எக்கட்சிக்கு உழைத்தல் தகும் என்பது பற்றி ஈண்டு ஒன்றும் கூறப்படவில்லை. அஃது அவரவர் மனச்சான்றுக்கு உரியது.

பழவேற்காடு சென்னைக்கு வடக்கே, பொன்னேரியினின்று செல்லும் சாலை கடலை அணுகுமிடத்தில் உள்ளது. ஒல்லாந்தர் 1613-ஆம் ஆண்டில் இங்கே கெல்திரியா என்னும் கோட்டையைக் கட்டி, 1690-ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்திற்கு மாறுமளவும் சோழமண்டலக் கரையில் இதனையே தம் தலைமையிடமாகக் கொண்டிருந்தனர். அவர்தம் கல்லறைத் தோட்டத்தைக் காணக் கல்லூரி மாணாக்கர் வருதல் உண்டு. கல்லறையைக் கண்டு திரும்புவோருள் குப்பங்களையும் காண்போர் மிகச் சிலரே. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம், கூனங்குப்பம், அரங்கங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் முதலியன ஏரிக்கும் கடலுக்கும் இடையிலும் ஏரிக்கரை நெடுகிலும் அமைந்துள்ளன. மாதாகுப்பத்தார் கத்தோலிக்கக் கிறிஸ்தவர். ஜமீலாபாத்தில் வாழ்வோர் இஸ்லாமியர். ஏனைக் குப்பங்களிற் பெரும்பாலார் பட்டினவர் எனப்படும் கடற்றொழிலாளர். இவர்களுக்கு அப்பால், கரைவெளியிலும் முட்புதர்களின் ஓரத்திலும் குடிசையிட்டு வாழ்வோர் இருளர். ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் இதுவே பெரியது. அதன் பெரும்பகுதி ஆந்திர நாட்டின்பாற் பட்டது.

பாடு என்பது முறை. ஏரி பரந்திருப்பினும், இறால் திரண்டு ஓடும் இடங்கள் சிலவே. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறியும் வற்றியும் ஓடும் நீரோட்டங்களில் கழி ஊன்றி வலை கட்டுவோர்க்கே அவ்வளம் கிட்டும். எல்லோரும் ஒருங்கே சென்றால் அடிதடியும் வலைச்சேதமும் நேரும். வலியவன் ஒருவனே நாள்தோறும் நல்ல இடத்தைப் பற்றுவான். ஆதலின் ஊரார் கூடிச் சீட்டெழுதிப் போட்டு, இன்ன இடம் இன்ன நாளில் இன்னாருக்கு என்று வகுத்தனர். இன்று நல்ல இடம் பெற்றவர் நாளை ஒதுங்குவர். இன்று ஒதுங்கியவர் மற்றொரு நாள் பெறுவர். கோட்டைக்குப்பம், மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊர்களுக்கும் இம்முறை பண்டுதொட்டு உரியதாயிருந்தது. பிற்காலத்தில் வேறு ஊர்களும் பங்கு கேட்டுப் பூசலிட்டன. சர்க்காரின் சட்டம் ஏதும் எழுதாமலே மீனவர் தாமே ஏரியைக் காத்துப் பகிர்ந்துண்ட இவ்வேற்பாட்டை வெளிநாட்டு ஆராய்ச்சியாளரும் வந்து கண்டு வியந்து எழுதியுள்ளனர். வியப்பு தகும். எனினும் சீட்டில் யார் பெயர் எழுதப்படுகிறது என்பதையும் நாம் உடன் நோக்குதல் வேண்டும்.

சீட்டு தலைக்கட்டின்பேரில் எழுதப்படும். தலைக்கட்டு என்பது ஊர்க்கணக்கில் வரியும் கடமையும் உடைய ஆண்மகன். அவன் மனைவி அவ்விறாலைக் கூடையிற் சுமந்து பொன்னேரிச் சந்தைவரை சென்று விற்றாலும், பாட்டில் அவளுக்குப் பெயர் இல்லை. இருளர்க்கும் இல்லை. அவர்கள் வலையின்றி, மார்பளவு நீரில் அமர்ந்து, சேற்றைக் கையாற் றடவி இறாலைப் பிடித்து, பனையோலையாற் பின்னிய பறியைப் பல்லிற் கவ்விக்கொண்டு அதனுட் போடுவர். பறையர் முதலிய பட்டியல் வகுப்பினருள் ஏரியை நம்பி வாழ்வோரும் பாட்டுக்குப் புறம்பானவரே. உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு கூறும் குடவோலை முறையும் இத்தகையதே. குடத்திலிட்ட ஓலையை யாவர்க்கும் பொதுவாக ஒரு சிறுவன் எடுத்தான் என்று நாம் பெருமையுறுகிறோம். நிலமும் மனையும் கல்வியும் உடையார் பெயரே ஓலையில் ஏறிற்று என்பதை மெல்லச் சொல்கிறோம்.

வாக்காளர் பட்டியலும் தொடக்கத்தில் இவ்வாறே குறுகியதாயிருந்தது. 1937-ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டசபைத் தேர்தலில், வரி செலுத்தினோர், எழுத்தறிந்தோர் முதலிய வரையறைக்கு உட்பட்டோர்க்கே வாக்கு இருந்தது. அக்காலத்துத் தொண்டர்கள், எழுத்தறியாத வாக்காளர்க்காகப் பெட்டிக்கு நிறங்கொடுத்திருந்தமையின், காங்கிரசின் மஞ்சட் பெட்டியை ஊரூராய்ச் சொல்லித் திரிந்தனர். 1951-52-இல் நடந்த முதற் பொதுத்தேர்தலிலேதான் வயதுவந்தோர் யாவர்க்கும் வாக்கு கிட்டியது. அப்பொழுதும், பெரும்பாலும் வட இந்தியாவில், தம் பெயரைக் கூறாது இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று மட்டும் கூறிய ஏறத்தாழ 28 லட்சம் பெண்டிரின் பெயர்கள் பட்டியலினின்று நீங்கின. பதினெட்டு வயதினர்க்கு வாக்குரிமை 1989-இலேதான் வந்தது. நம் மாணாக்கருள் பலர் இன்று வாக்களித்தல் அதன் பயன்.

ஆக, ஏரியின் வாழ்விலே இருளப் பெண்ணும், மீன்விற்கும் மூதாட்டியும், ஊர்த்தலைவரும் ஒரே எடையில் நிற்கும் இடம் வாக்குச்சாவடி ஒன்றே. தொண்டரின் வேலை அவ்விடத்தைப் பற்றியது.

அவ்வேலை மேடையினின்று தொடங்குவதன்று, பட்டியலினின்று தொடங்குவது. வேட்பாளரின் அலுவலகத்தில் ஒவ்வொரு சாவடிக்கும் உரிய பட்டியலைப் பிரித்துக் கொடுப்பர். அதனைக் கையிற்கொண்டு வீடுவீடாய்ச் சென்று, இறந்தார், குடிபெயர்ந்தார், பெயர் விடுபட்டார் ஆகியோரைக் குறித்தல் முதல் வேலை. புதிதாய்ப் பெயர் சேர்க்கப் படிவம் எண் 6, நீக்கப் படிவம் எண் 7, திருத்தவும் வீடு மாறியதைக் குறிக்கவும் படிவம் எண் 8 என இவற்றைத் தொண்டர் நெட்டுருச் செய்திருத்தல் நலம். வேட்புமனுவுக்குரிய கடைசி நாளுக்குப் பின் வரும் படிவத்தாற் பயனில்லை. ஆதலின் இவ்வேலையைக் கொடி கட்டும் வேலைக்கு முன்னரே முடித்தல் வேண்டும். இருளர்பால் இக்குறை மிகுதி. செங்கற்சூளைக்கும் அரிசி ஆலைக்கும் குடும்பத்தோடு சென்று பல திங்கள் தங்குவார், கணக்கெடுப்போர் வரும்போது குடிசையில் இரார். 2025-ஆம் ஆண்டு நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், படிவத்தை நிரப்பித் திருப்பித் தருவோர் பெயரே வரைவுப் பட்டியலில் ஏறும் என்று விதித்தமையின், வீட்டில் இராதார்க்கு ஏற்படும் இழப்பு முன்னிலும் பெரிதாயிற்று.

அடுத்தது வீடுகாணும் நேரம். நகரத்து மாணாக்கர் காலைச் சிற்றுண்டி முடித்துப் பத்து மணிக்குக் குப்பத்துள் நுழைவர். அப்பொழுது ஆடவருட் பலர் வலையிலிருந்து வந்து உறங்குவர். பெண்டிர் கரையில் ஏலத்திலோ பேருந்திற் கூடையோடோ இருப்பர். இருளர் நீர் வற்றும் நேரம் நோக்கி ஏரிக்குட் சென்றிருப்பர். முதியோரும் சிறுவருமே துண்டுத்தாளைப் பெறுவர். சிறுவர் அதிற் கப்பல் செய்வர். விடியலில் ஏலம் நடக்கும் கரையிலே பெண்டிரையும், பிற்பகலில் வலை பொத்தும் நிழலிலே ஆடவரையும், அந்தி சாய்ந்தபின் குடிசை வாயிலில் இருளரையும் காண்டல் எளிது. ஏலத்தின் நடுவே குறுக்கிட்டுப் பேசுதல் ஆகாது. விலை கூறுபவரின் குரல் ஓயும்வரை கூடையருகே நின்று, ஒரு கூடையைத் தலைக்குத் தூக்கிவிட்டபின் பேசினால், அவ்வம்மை நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொல்வார்.

சொல்லுபவை பெரும்பாலும் இரண்டு. ஒன்று முகத்துவாரம். மணல் மேவி முகத்துவாரம் தூர்ந்தால், கடல்நீர் ஏரிக்குள் ஏறாது. இறால் குஞ்சு வாராது. படகு கடலுக்குப் போகவும் இயலாது. தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்களுக்காகக் கடலுட் கட்டிய சுவர்களாற் கரையோர மணலின் போக்கு மாறிற்று என்று மீனவர் கூறுவர். மற்றொன்று அக்காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிக்கும் திட்டம். 2021-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் நாள் நடக்கவிருந்த பொதுக்கேட்பு தள்ளிவைக்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாளுக்குக் குறித்ததும் அவ்வாறே ஆயிற்று. 2021 சட்டமன்றத் தேர்தலில் இவ்விரிவாக்கம் வாக்குறுதிக்குரிய பொருளாய் நின்றது. தொண்டர் இவற்றைக் கேட்டு வேட்பாளரிடம் சேர்ப்பித்தலே முறை. தாமே வாக்குறுதி அளித்தல் முறையன்று. "நம் அண்ணன் வந்தால் ஒரே மாதத்தில் முகத்துவாரம் திறந்துவிடும்" என்று ஆர்வமிகுதியாற் கூறும் இளைஞர், இவ்வேரி பறவைகளுக்குரிய சரணாலயம் என்பதையும், ஆதலின் மண் எடுப்பதற்கு வனத்துறையின் இசைவும் வேண்டும் என்பதையும் அறியார். கேட்கும் மீனவர் அறிவார். அறிந்தும் அவர் சிரித்துக்கொண்டு தலையசைப்பார்; அத்தலையசைப்பை ஆதரவென்று ஏட்டிற் குறித்துக்கொண்டு வருதல் தொண்டர் வழக்கம்.

வேட்பாளர் யாவர் என்பதும் இங்கே நோக்கத்தக்கது. ஏரியின் தென்பகுதி ஊர்கள் அடங்கிய பொன்னேரிச் சட்டமன்றத் தொகுதி பட்டியல் வகுப்பினர்க்குரிய தனித்தொகுதி. அது சார்ந்த திருவள்ளூர் நாடாளுமன்றத் தொகுதியும் அத்தகையதே. எனவே ஏரியிற் பாட்டுரிமை உடைய வகுப்பினர் அங்கே வாக்காளரேயன்றி வேட்பாளராதல் இயலாது. பாட்டுரிமை இல்லாத வகுப்பினின்றே உறுப்பினர் வருவார். கடற்றொழிலாளர் தாமே போட்டியிடும் களம் ஊராட்சித் தேர்தல். 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 27, 30 ஆகிய நாட்களில் நடந்த அத்தேர்தலில் ஊராட்சித் தலைவர் பதவிக்குக் கட்சிச் சின்னம் இல்லை. பெண்டிர்க்குப் பாதி இடம் உரியதாயிருந்தது. அவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர் பொறுப்பேற்றனர். மீனவர் குலத்தினின்று பொதுவாழ்வில் உயர்ந்தோர் இல்லாமற் போகவில்லை. சிங்காரவேலர் 1925-இல் சென்னை நகராண்மைக் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். குளச்சலில் 1957-இல் வென்ற லூர்தம்மாள் சைமன், காமராசர் அமைச்சரவையில் மீன்வளம் உட்பட்ட துறைகளைத் தாங்கினார்.

இனி, இத்தொண்டில் மிகக் கடினமான பகுதிக்கு வருவோம். குப்பத்தில் ஒரு பெண்மணியை அணுகி, "உங்கள் ஓட்டு யாருக்கம்மா?" என்று கேட்டால், "ஊர் என்ன சொல்லுதோ அதுதான் தம்பி" என்னும் விடை வரும். அவர் மழுப்பவில்லை. தேர்தலுக்குச் சில நாட்களுக்குமுன் ஊர்ப் பஞ்சாயத்தார் கோயில் முன்றிலிலோ ஏலக்கொட்டகையிலோ கூடி, இம்முறை இன்னாருக்கு என்று முடிவு செய்தல் பல குப்பங்களில் வழக்கு. சில ஊர்களில் ஒருவர்க்கும் வாக்களிப்பதில்லை என்று கறுப்புக்கொடி கட்டுதலும் உண்டு. கற்றோர் இதனைக் கேட்டவுடன் அறியாமை என்று இகழ்வர். அவ்விகழ்ச்சி பொருந்தாது. தொகுதியின் வாக்காளர் தொகையில் ஒரு குப்பத்தின் வாக்கு மிகச் சிறிது. அதுவும் நான்காகப் பிரிந்தால் எவரும் பொருட்படுத்தார். ஒருங்கே நின்றால், முகத்துவாரத்தைப் பற்றியும் குடிநீர்க் குழாயைப் பற்றியும் வேட்பாளர் நின்று கேட்பார். பாட்டில் ஒற்றுமையாய் நின்று ஏரியைக் காத்தவர் வாக்கிலும் ஒற்றுமையாய் நிற்க விரும்புதல் இயற்கை. எழுத்தறிந்த நாம் தொழிற்சங்கத்தில் செய்வதை அவர்கள் ஊரிற் செய்கின்றனர்.

ஆயினும் அக்கூட்டத்தில் அமர்வோர் யாவர்? தலைக்கட்டுக்களே. பாட்டுப் பட்டியலே மறுபடியும் வந்து வாக்காளர் பட்டியலின்மேல் ஏறிக்கொள்கிறது. "ஊர் சொல்லுதோ" என்று கூறிய பெண்மணி அவ்வூரில் எண்ணப்படாதவர். முடிவை மீறியோர்க்குத் தண்டமும் ஊர்விலக்கும் உண்டு என்னும் அச்சம் இருக்குமாயின், அஃது அறவுரை மட்டும் கடிந்து விடுவதன்று; 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு, வேட்பாளரோ அவர் முகவரோ அவர் இசைவு பெற்ற பிறரோ ஒரு வாக்காளரைச் சமூக விலக்கைக் காட்டியும், சாதியினின்று நீக்குவதாகவும், தெய்வக் குற்றம் நேரும் என்றும் அச்சுறுத்துதலை முறைகேடான செயல் எனக் கொள்கிறது. அதனால் வென்ற தேர்தலே செல்லாததாகலாம். தம் வேட்பாளருக்குச் சார்பாக ஊர் முடிவு செய்துவிட்டது என்று மகிழ்ந்து, அம்முடிவை வீடுதோறும் எச்சரிக்கையாய்க் கொண்டுசெல்லும் தொண்டர், தம் வேட்பாளருக்கே குழி தோண்டுகிறார்.

ஆகவே தொண்டர் செய்யக் கூடியது யாது? ஊரைப் பிளத்தல் அவர் வேலையன்று. வெளியூரினின்று வந்து ஒரு திங்களிற் போகும் ஒருவர்க்கு அவ்வுரிமை இல்லை. வாக்கு மறைவானது என்பதை மட்டும், கூட்டத்துக்கு அழைக்கப்படாதோரிடம் சென்று விளக்கலாம். இயந்திரத்தில் வாக்காளர் பெயர் பதிவதில்லை. அருகே கண்ணாடிக்குள் ஏழு விநாடி தோன்றி விழும் சீட்டிலும் வேட்பாளரின் பெயரும் சின்னமுமேயன்றி வாக்காளர் பெயர் இல்லை. எவர்க்கு வாக்களித்தீர் என்று கேட்க எவர்க்கும் உரிமை இல்லை. இம்மூன்றையும், மாதிரிப் பொத்தானைத் தாளில் வரைந்து, பொறுமையாய்ச் சொன்னால், "அப்படியா, பேரு தெரியாதா?" என்று இருமுறை கேட்போர் பலர்.

இங்கே நான் மறைக்கலாகாத ஒரு குறை உண்டு. ஒருவரின் வாக்கு மறைவாயிருப்பினும், ஒரு சாவடியின் வாக்கு மறைவாயில்லை. சீட்டுமுறை இருந்த காலத்திற் பல சாவடிகளின் சீட்டுக்களை ஒன்றாய்க் கலந்து எண்ணுவதற்கு விதி இருந்தது. இயந்திரம் வந்தபின் ஒவ்வொரு சாவடியின் கணக்கும் தனித்தனியே வெளிவருகிறது. முடிவறிக்கையாகிய படிவம் எண் 20-இல் அது அச்சாகிறது. பெருநகரில் இதனால் ஊறில்லை. ஒரு குப்பத்துக்கு ஒரு சாவடி என்று இருக்குமிடத்தில், ஊர்முடிவுக்கு மாறாக நாற்பது வாக்கு விழுந்ததென்றால், அந்நாற்பது எவர் என்று ஊரார் ஊகிப்பர். தோற்ற வேட்பாளரின் ஆட்களும் ஊகிப்பர். இதனை நீக்கப் பல இயந்திரங்களின் வாக்கை ஒருங்கே கூட்டிக் காட்டும் கருவியொன்றை ஆணையம் 2008-இலேயே முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015-ஆம் ஆண்டு 255-ஆம் அறிக்கையில் அதனை ஆதரித்தது. எனினும் அது வழக்கத்துக்கு வந்திலது. தொண்டர் இதனை அறிந்திருத்தல் வேண்டும். ஏனெனில் "ஒன்றும் தெரியாது அம்மா, பயப்படாதீர்கள்" என்று கூறிவிட்டு நாம் இரயிலேறி விடுவோம், அவர் அங்கேயே வாழ்வார். சொல்லக்கூடிய உண்மை, "உங்கள் ஒருவர் வாக்கு தெரியாது" என்பதே.

பணத்தைப் பற்றிச் சுருங்கக் கூறுவேன். வாக்குக்குப் பணம் கொடுத்தல் தமிழ்நாட்டில் எவரும் அறியாத செய்தியன்று. 2017-ஆம் ஆண்டு சென்னை இராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தலும், 2019-இல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலும் அதன் பொருட்டே ஆணையத்தாற் கைவிடப்பட்டுப் பின்னர் நடத்தப்பட்டன. மாணாக்கர் தம் கையாற் பணம் கொடார். அதனால் தமக்கு அதிற் பங்கில்லை என்று எண்ணுவர். ஆனால் வீடுவீடாய்ச் சென்று நம்மவர், பிறர், ஐயத்துக்குரியவர் என்று அவர்கள் இட்ட குறிகளோடு கூடிய ஏடே, கடைசி இரவில் வேறொருவர் கையிற் பட்டுவாடாப் பட்டியலாதல் கூடும். வலைக்கடன் வாங்கி வட்டி கட்டும் வீட்டில் அப்பணத்தை மறுக்கச் சொல்லி உபதேசித்தல் எளிதன்று. யானும் அதனைச் செய்யத் துணியேன். ஏட்டை யார் கேட்கின்றனர், எதற்குக் கேட்கின்றனர் என்று வினவுதல் மாத்திரம் நம் கையில் உள்ளது. விடை தெளிவாயில்லையேல், பெயர் விடுபட்டோர் குறிப்பை மட்டும் கொடுத்து, ஏனைய குறிகளைக் கிழித்தெறியலாம்.

படகைப் பற்றியும் ஒரு விதி உண்டு. ஏரிக்கரைத் தொண்டர் பலர் அதனை அறியார். வாக்காளரை இலவசமாய்ச் சாவடிக்கு ஏற்றிச்செல்ல வேட்பாளரோ அவர் முகவரோ அவர் இசைவு பெற்றவரோ வண்டி அமர்த்துதல் முறைகேடு என்பது பொதுவாய்த் தெரிந்ததே. அதே பிரிவு மரக்கலத்தையும் சேர்த்துக் கூறுகிறது. வாக்காளர் தாமே கூடிக் கூலி கொடுத்து அமர்த்திக்கொள்ளலாம். அதுவும் எஞ்சின் பூட்டாத வண்டியோ கலமோ ஆயின் மட்டும். ஏரியின் நடுவே ஆந்திரப் பகுதியிலுள்ள இருக்கம் தீவைப் போன்று நீர் சூழ்ந்த இடங்களை நோக்க, இவ்விதியின் கடுமை விளங்கும். நடக்கவியலாத பாட்டியாரை இரக்கத்தால் தம் கட்சிக்காரர் படகில் ஏற்றிவிடும் இளைஞர், அறியாமலே சட்டத்தை மீறியவராவர். முதியோர்க்கும் மாற்றுத்திறனாளர்க்கும் வீட்டிலேயே வாக்களிக்க ஆணையம் வழிவகுத்துள்ளது. அதற்குரிய விண்ணப்பத்தை முன்னதாகவே பெற்றுத் தருதல் மேலான தொண்டு. மேலும், 2011-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று இவ்விடத்திற் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். கொடி கட்டிய படகில் அளவுக்கு மிஞ்சி ஏறி முழக்கமிடுவோர் அதனை மறவாதிருப்பாராக.

வாக்குப்பதிவு முடிவதற்கு 48 மணி நேரத்துக்கு முன் பிரசாரம் ஓயும். அத்தொகுதியில் வாக்கில்லாத தொண்டர் அப்பொழுதே வெளியேறுதல் வேண்டும். ஆகவே வெளியூர் மாணாக்கர் வாக்குப்பதிவைக் காணார். உள்ளூர் இளைஞரைச் சாவடி முகவராய்ப் பயிற்றுவித்தலே அவர்கள் விட்டுச்செல்லக் கூடியது. வாக்குப்பதிவுக்கு முன் நடக்கும் மாதிரி வாக்கில் ஐம்பதுக்குக் குறையாமல் இட்டு எண்ணிப் பார்க்கச் செய்தல், மாலையில் மொத்த வாக்கு எழுதிய படிவம் 17-சி-யின் படியைக் கையொப்பத்தோடு பெறுதல் ஆகிய இரண்டையும் அவர் விடாது செய்தல் வேண்டும். சாவடிக்கு நூறு மீட்டருக்கு அப்பால் மேசையிட்டுக் கொடுக்கும் அடையாளச் சீட்டிலே பெயரோ சின்னமோ இருத்தலாகாது, வெறும் வெள்ளைத்தாளே.

இவ்வளவும் செய்து வேட்பாளர் தோற்றால்? மீனவர் ஊர்களில் தொண்டர்கள் பலர் திரண்டுழைத்த அண்மைக்காலத் தேர்தல்களுள் ஒன்று, 2014-இல் தென்கோடியில் நடந்தது. கூடங்குளம் அணுவுலையை எதிர்த்து இடிந்தகரையில் நெடுநாள் போராடியோருள் சுப. உதயகுமாரன் கன்னியாகுமரியிலும், புஷ்பராயன் தூத்துக்குடியிலும், மை.பா. சேசுராசு திருநெல்வேலியிலும் ஆம் ஆத்மி கட்சியின் சார்பில் நாடாளுமன்றத்துக்கு நின்றனர். கரையோர ஊர்கள் உவந்து உழைத்தன. தொகுதியோ கரையினின்று உள்நாட்டில் வெகுதூரம் பரந்திருந்தது. மூவரும் வைப்புத்தொகையை இழந்தனர். பழவேற்காட்டிலும் இக்கணக்கே. குப்பங்கள் யாவும் ஒன்றுகூடினும் பொன்னேரித் தொகுதியின் நெல்வயலூர்களையும் மீஞ்சூர்த் தொழிற்சாலைப் பக்கத்தையும் மிஞ்சா. இதனை முன்னரே தம் தோழர்க்குச் சொல்லாத தொண்டர், எண்ணும் நாளன்று அவர்களைக் கண்ணெடுத்துப் பார்க்கத் துணியார்.

தேர்தல் முடிந்தபின்னும் பெயர் சேர்க்கும் வாயில் மூடப்படுவதில்லை. 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு திங்களின் முதல் நாளையும் பதினெட்டு வயது நிரம்புதற்குரிய நாளாக ஆணையம் கொள்கிறது. பிரசாரத்தின்போது ஏட்டில் "பெயர் இல்லை" என்று எழுதிவைத்த இருளர் வீடுகள் அப்பக்கங்களிலேயே இருக்கும். கொடியும் ஒலிபெருக்கியும் போனபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அவ்வேட்டையும் படிவம் எண் 6 ஒரு கட்டையும் எடுத்துக்கொண்டு பொன்னேரியிற் பேருந்து மாறிச் செல்வோமாயின், அந்திக்குள் அவர்கள் ஏரியினின்று கரையேறுவர்.